தம்பியின் போன் போலீஸ் கையில். செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குப் போகலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் தம்பி திருநெல்வேலியிலிருந்து வேலை விசாவில் வந்து 2 வருடம் ஆகிறது, ஓட்டலில் சமையல் வேலை. தமிழ்தான் பேசுவான், இங்கிலீஷ் அரைகுறை. 3 மாதம் முன்பு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பார்த்து ஒரு பழைய போனை 3,500 ராண்டுக்கு வாங்கினான். போன வாரம் சாதாரண உடுப்பில் இரண்டு டிடெக்டிவ்கள் ஓட்டலுக்கே வந்து, அது திருட்டுப் போன் என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் ஊரிலிருந்து கொண்டுவந்த சொந்த போனையும் வாங்கிக்கொண்டார்கள். வாரன்ட் எதுவும் காட்டவில்லை. பின் நம்பர் கேட்டதும் பயத்தில் சொல்லிவிட்டான். ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறான். என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து 'ஸ்டேட்மென்ட்' கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி, 'நானே கூட வந்து மொழிபெயர்க்கிறேன், உள்ளதைச் சொன்னால் முடிந்துவிடும்' என்கிறார். போகலாமா? பின் நம்பரைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? போனில் பேங்க் ஆப், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன, இங்கிருந்தே அழித்துவிடலாமா? போன் எப்போது திரும்பும்?

பதில்: அழிக்க வேண்டாம், சகோதரி. மற்றதையெல்லாம் பிறகு சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது. போலீஸ் பிடியில் இருக்கும் போனைத் தொலைவிலிருந்து அழித்தால், நீதியின் போக்கைத் தடுத்ததாகத் தனி வழக்கே போடலாம். இப்போது இருப்பது ஒரு பழைய போன் பற்றிய சந்தேகம் மட்டும். அழித்துவிட்டால் 'எதை மறைக்க அழித்தான்?' என்பதுதான் வழக்காகிவிடும். அதோடு, விற்றவனோடு தம்பி பேசிய சாட் அந்தப் போனில் இருக்கலாம். அவனைக் காப்பாற்றக்கூடிய சாட்சியமே அதுதான்.

பேங்க் விஷயத்தை இன்றே முடித்துவிடுங்கள். பேங்குக்குப் போன் செய்து, அந்தப் போனில் ஓடும் ஆப்பின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றலாம். இவற்றால் போனுக்குள் இருப்பது எதுவும் அழியாது. பழைய நம்பருக்கே புது சிம் வாங்க பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வேண்டும். ஆனால் புது சிம் வந்ததும் போலீஸிடம் இருக்கும் சிம் செத்துவிடும். அதனால் வாங்குவதற்கு முன் வக்கீல் மூலம் விசாரணை அதிகாரிக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அதுவே சந்தேகத்துக்கு இடமாகும்.

உங்கள் கடிதத்தின் நடுவே இருக்கும் சிக்கல், இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துபோனதுதான். போனைக் கைப்பற்றுவது ஒரு அதிகாரம். அதைத் திறந்து உள்ளே பார்ப்பது இன்னொரு அதிகாரம். முதலாவது இருக்கிறது என்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

கைப்பற்றுவதற்கு 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக 21-ஆம் பிரிவின்படி வாரன்ட் வேண்டும். ஆனால் 22-ஆம் பிரிவு இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது: ஆள் சம்மதித்தால் எடுக்கலாம், அல்லது, கேட்டால் வாரன்ட் கிடைக்கும், ஆனால் அதற்காகப் போய்வருவதற்குள் பொருள் கைநழுவிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் எடுக்கலாம். திருட்டுப் போன் என்று சந்தேகிக்கும் போனை அந்த இடத்திலேயே எடுத்ததை எதிர்ப்பது கடினம். சொந்த போனை எடுத்தது அப்படியல்ல. அந்தத் திருட்டுக்கும் இந்தப் போனுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள் காட்ட வேண்டும். விற்றவனோடு பேசியது இந்தப் போனில்தான் என்றால் தொடர்பு உண்டு. இல்லையென்றால் வக்கீல் கேள்வி கேட்க நல்ல இடம் இது.

உள்ளே பார்ப்பதற்கு 2020-ஆம் ஆண்டின் சைபர் குற்றங்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 32, 33-ஆம் பிரிவுகளின்படி, வாரன்ட் இல்லாமல் எடுத்த கருவியானாலும், கைதின்போது எடுத்த கருவியானாலும், அதிலுள்ள தரவைப் பார்க்கவோ நகலெடுக்கவோ 29-ஆம் பிரிவின் கீழ் வாரன்ட் வாங்க வேண்டும். எழுத்திலோ வாய்மொழியாகவோ விண்ணப்பிக்கக்கூட நேரமில்லாத அவசரம் மட்டும் விலக்கு. ஒரு வாரமாக ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும் போனுக்கு அவசரம் என்று சொல்வது எடுபடாது.

இனி பின் நம்பர். அதே சைபர் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கருவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் போலீஸுக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் விசாரிக்கப்படும் குற்றத்தைச் செய்ததாகச் சந்தேகிக்கப்படுபவரை அது வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. தம்பி சந்தேக நபர் என்றால் பின் நம்பரைச் சொல்லும் கடமை அவனுக்கு இல்லை. நீங்கள் சந்தேக நபர் இல்லை என்பதால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடையாது. உங்கள் போனையோ வீட்டுக் கம்ப்யூட்டரையோ குறிப்பிடும் சரியான வாரன்டோடு வந்தால், நீங்கள் உதவ மறுப்பது குற்றம். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அவன் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதுதான். ஆனால் பின் நம்பரைச் சொன்னதும் சம்மதம் கொடுத்ததும் ஒன்றல்ல. சைபர் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அவன் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்தான் இப்போது முக்கியம். அது ரசீதாக இருக்கலாம், சம்மதப் பத்திரமாக இருக்கலாம், உரிமைகளைச் சொல்லிவிட்டோம் என்ற படிவமாகவும் இருக்கலாம். வக்கீல் முதலில் அதன் நகலைக் கேட்கட்டும். சம்மதப் பத்திரமென்றால், 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழில் யாரும் விளக்கவில்லை, இனி வாரன்ட் இல்லாமல் தரவைப் பார்க்க நான் சம்மதிக்கவில்லை' என்று தேதி போட்டு ஒரு கடிதம் போக வேண்டும். அதற்கு முன் பார்த்ததை அழிக்க இந்தக் கடிதத்தால் முடியாது. பின்னால் அந்தத் தரவை நீதிமன்றத்தில் வைத்தால், அரசியல் சாசனத்தின் 35(5) பிரிவைக் காட்டி ஆட்சேபிக்க இது அடிப்படையாக நிற்கும். உரிமையை மீறிப் பெற்ற சாட்சியத்தால் விசாரணை நியாயமற்றதாகும் என்றாலோ, நீதி நிர்வாகத்துக்குக் கேடு என்றாலோ, நீதிமன்றம் அதை ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

கைரேகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு முதலானவை ஆளை அடையாளம் காணக் கைரேகை எடுப்பதற்கானவை. விரலைப் போனில் அழுத்துவது வேறு காரியம். ஆனால் விலங்கு மாட்டிய கையோடு யார் சட்டம் பேசப்போகிறார்கள்? விரல் பூட்டையும் முகப் பூட்டையும் எடுத்துவிட்டு, 6 இலக்கத்துக்குக் குறையாத எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது வீட்டில் எல்லோருக்கும் நல்லது.

அடுத்த முறை வாரன்ட் என்று தாளை நீட்டினால் படித்துப் பாருங்கள். அரசியல் சாசன நீதிமன்றம் 2011-இல் வான் டெர் மெர்வே வழக்கில் ஒரு வாரன்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: எந்தச் சட்டத்தின் கீழ், தேடுபவர் யார், என்ன அதிகாரம், எந்த இடம் அல்லது ஆள், எந்தப் பொருள், எந்தக் குற்றம், சந்தேக நபர் யார். குற்றத்தின் பெயரே இல்லாத வாரன்ட் நிற்காது. நகல் கேட்டால் கொடுத்தாக வேண்டும். சாதாரண உடுப்பில் வருபவர்களிடம் போலீஸ் அடையாள அட்டையான அப்பாயின்ட்மென்ட் சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லலாம். ஆனால் குறை இருக்கிறது என்று கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள். 'நான் சம்மதிக்கவில்லை' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சண்டையை வக்கீல் போடட்டும்.

இவனை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று குழம்பியிருப்பீர்கள். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. அதில் ஒரு சிம் போட்டதும் நெட்வொர்க்கில் இரண்டும் சேர்ந்து பதிவாகும். இந்த நாட்டில் சிம்மைப் பெயர், முகவரியோடு பதிவு செய்துதான் விற்க முடியும். பறிகொடுத்தவர் கொடுத்த ஐஎம்இஐ எண்ணை வைத்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்ட்ரேட் வழியாக நெட்வொர்க் கம்பெனியைக் கேட்டால், தற்போது அதில் இருக்கும் சிம் யாருடையது என்று தெரிந்துவிடும். அப்படி வந்தவர்களுக்குத் தெரிந்தது, போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான். திருடியது யார் என்பதை அது காட்டாது. இந்த வித்தியாசத்தில்தான் தம்பியின் வழக்கே இருக்கிறது.

அதனால்தான் 'வாயே திறக்காதே' என்ற வழக்கமான அறிவுரையை இங்கே அப்படியே கொடுக்க முடியவில்லை. மௌனமாக இருக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 35(1)-இல் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1955-ஆம் ஆண்டின் பொதுச் சட்டத் திருத்தச் சட்டம் எண் 62-இல் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருள் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று திருப்தியான விளக்கம் கொடுக்க முடியாமல் போவதே 36-ஆம் பிரிவின்படி குற்றம். இது மௌன உரிமைக்கு முரண் என்று வாதாடிப் பார்த்தார்கள். 1998-இல் ஓஸ்மான் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 37-ஆம் பிரிவு, விற்பவன்தான் சொந்தக்காரன் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் திருட்டுப் பொருளை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. நிரூபிக்கும் பாரத்தை வாங்கியவன் தலையில் வைத்த பகுதியை 2000-இல் மனமேலா வழக்கில் நீக்கினார்கள். ஆனாலும், நியாயமான சந்தேகத்தைக் கிளப்பும் அளவுக்காவது வாங்கியவன் ஏதாவது சாட்சியம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே விளக்கம் கொடுக்க வேண்டும். அதை ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்து, அரைகுறை இங்கிலீஷில், முதலாளி வாயால் கொடுக்கக் கூடாது. வக்கீல் மூலம், எழுத்தில், ஒரு பக்கத்துக்குள் கொடுக்க வேண்டும். எந்தத் தேதியில் விளம்பரம் பார்த்தான், விற்றவன் கணக்கின் பெயர், போன் நம்பர், எங்கே சந்தித்தார்கள், பணமாகவா பேங்க் வழியாகவா கொடுத்தான், பெட்டியும் சார்ஜரும் இருந்தனவா, கூட யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரட்டும். ஃபேஸ்புக் சாட்டை வேறு கருவியில் திறந்து இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றவன் கணக்கை மூடினாலும் படம் உங்களிடம் இருக்கும். அந்த மாடல் பழைய சந்தையில் அப்போது என்ன விலைக்குப் போனது என்று நான்கைந்து விளம்பரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 4,000 கேட்ட போனை 3,500-க்கு வாங்கினான் என்றால் பேச்சே இல்லை. 9,000 பெறும் போன் என்றால், 'ஏன் இவ்வளவு மலிவு என்று நீ கேட்கவில்லையா?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதற்கு இப்போதே நேர்மையான பதில் வேண்டும். விளக்கம் நியாயமாக உண்மையாக இருக்கக்கூடும் என்றால் போதும். அதை அப்பழுக்கில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை பற்றி. வக்கீல் இல்லாமல் போக வேண்டாம். அதற்காகப் போகாமல் ஒளிந்துகொள்வதும் தப்பு. அது கைதுக்கு வழி செய்யும். வக்கீல் முதலில் டிடெக்டிவுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: சாட்சியாக அழைக்கிறீர்களா, சந்தேக நபராகவா? சாட்சி என்றால் ஸ்டேஷனில் வைத்து யாரும் கட்டாயப்படுத்த முடியாது, எழுந்து வரலாம். சந்தேக நபர் என்றால் கேள்வி கேட்கும் முன் எச்சரிக்க வேண்டும். அப்போது பதிவு செய்யும் வார்னிங் ஸ்டேட்மென்டில் 'பிறகு வக்கீல் மூலம் எழுத்தில் தருகிறேன்' என்று மட்டும் எழுதச் சொல்லலாம். பெயரும் முகவரியும் மட்டும் விலக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி அவற்றைச் சொல்ல மறுப்பதே குற்றம், பொய் என்று சந்தேகித்தால் சரிபார்க்க 12 மணி நேரம் வரை பிடித்து வைக்கலாம். பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வைத்திருக்கட்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் இலவச எண் 0800 110 110. முன்கூட்டியே பேசிவிடுங்கள், திங்கள் மாலை வரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

முதலாளியை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகவே வேண்டாம். நல்ல மனுஷராகவே இருக்கட்டும். சம்பவம் நடந்தது அவருடைய ஓட்டலில், ஆள் அவருடைய விசாவில் இருப்பவன். அவர் மனதில் ஓட்டலைக் காப்பாற்றும் எண்ணம் கொஞ்சமாவது இருக்கும். 'ஒருத்தன்கிட்ட வாங்கினேன்' என்று தம்பி சொன்னது 'ஒருத்தனுக்காக வாங்கினேன்' என்று ஏறிவிட்டால் போதும், வேறு ஆளுக்குத் திருட்டுப் பொருள் சேர்த்துக் கொடுத்தவன் ஆகிவிடுவான். அரசியல் சாசனத்தின் 35(4)-இன்படி உரிமைகளை அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வக்கீல் முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். ஸ்டேட்மென்ட் எழுதி முடித்ததும் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும், மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும். எதிலாவது கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், அதன் பக்கத்தில் அவன் கையாலேயே தமிழில் 'எனக்கு இது தமிழில் விளக்கப்படவில்லை' என்று எழுதி, தேதியும் மணியும் போடட்டும். பின்னால் யாராலும் அதை மறுக்க முடியாது.

இந்த மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: 'ஐ வான்ட் மை லாயர். ஐ நீட் எ தமிழ் இன்டர்ப்ரிட்டர். ஐ டோன்ட் கன்சென்ட்.' கத்தவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்லட்டும். ரொம்ப நல்லவராகப் பேசும் டிடெக்டிவிடம்தான் அதிக கவனம் வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து, 'அந்த ஆளைச் சந்தித்த இடத்தை மட்டும் காட்டு, விட்டுவிடுகிறோம்' என்பார். காரில் போய் இடத்தைச் சுட்டிக் காட்டியதும் வழக்கில் சாட்சியமாகும். வக்கீல் இல்லாமல் எங்கும் போகக் கூடாது.

ஒருவேளை கைது செய்துவிட்டால்: கைதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்த 48 மணி நேரம் நீதிமன்ற நேரத்துக்கு வெளியே முடிந்தால் அடுத்த வேலை நாளின் முடிவு வரை போகும். வெள்ளி மாலை 5 மணிக்குப் பிடித்தால் ஞாயிறு மாலையில் முடிகிறது. ஆகவே திங்கள் 4 மணிக்குள். வீட்டாருக்குத் தெரிவிக்க அவனுக்கு உரிமை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால், டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லியும் கேட்கலாம். வியன்னா உடன்படிக்கை அதற்கு இடம் கொடுக்கிறது. சிறு குற்றங்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் ஸ்டேஷனிலேயே பெயில் கிடைக்கும். 59ஏ-வில் அரசு வழக்கறிஞர் கொடுக்கலாம். பணம் கட்டினால் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. அடித்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டி, காயங்களைப் பதிவு செய்யும் ஜே88 படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள், பிறகு போலீஸ் மீதான சுதந்திர விசாரணை அமைப்பான ஐபிட்டில் புகார் கொடுங்கள். காயம் ஆறிய பிறகு படிவம் நிரப்பிப் பிரயோஜனமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 'ஒரு சின்ன ஃபைன் கட்டிவிடு, இன்றே வீட்டுக்குப் போகலாம்' என்பார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். கட்டினால் தண்டனை பெற்றதாகவே பதிவாகிவிடக்கூடும். விசா புதுப்பிக்க போலீஸ் கிளியரன்ஸ் கேட்கும்போது அது தலைகாட்டலாம். பயத்திலோ, வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்திலோ இதைக் கட்டி, மாதக்கணக்கில் கிளியரன்ஸுக்கு அலைபவர்கள் இருக்கிறார்கள். வழக்கில் நிற்பது இதைவிட மேல்.

கடைசியாக, போன் திரும்புவது. கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் சாப்ஸ் 13 என்ற பொருள் பதிவேட்டில் (சாப்ஸ் என்பது தென்னாப்பிரிக்கப் போலீஸின் சுருக்கப் பெயர்) எழுதி, அடையாள எண்ணோடு சீல் வைத்த பையில் வைக்க வேண்டும். வக்கீல் கேட்டு வாங்க வேண்டியவை: கேஸ் நம்பர், சாப்ஸ் 13 வரிசை எண், பை எண், அதிகாரியின் பெயரும் பதவியும், ஒவ்வொரு போனின் மாடலும் ஐஎம்இஐ எண்ணும், உள்ளே இருந்த சிம், மெமரி கார்டு. ஐஎம்இஐ எண்ணை உங்களிடம் இருக்கும் பெட்டியிலோ வாங்கிய பில்லிலோ பார்க்கலாம். கையில் இருக்கும் போன்களுக்கு *#06# அழுத்தினால் வரும். மற்ற போன்களுக்கும் எழுதி வையுங்கள். மெமரி கார்டைத் தனியாகக் குறிப்பிடாமல் விட்டால், பின்னால் அது காணாமல் போனதை நிரூபிக்க வழியில்லை.

இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று கெடு கிடையாது. வழக்கே போடவில்லை என்றாலோ, வழக்குக்கு அந்தப் பொருள் தேவையில்லை என்றாலோ, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடம், அவர் அதை வைத்திருப்பது சட்டப்படி சரியென்றால், திருப்பித் தர வேண்டும். சொந்த போனுக்கு இப்போதே, 'வாரன்டின்படி நகல் எடுத்துக்கொண்டு கருவியைத் தாருங்கள்' என்று எழுதலாம்; கட்டாயம் தருவார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். பதில் இல்லையென்றால் ஸ்டேஷன் கமாண்டருக்கு, பிறகு அரசு வழக்கறிஞருக்கு, கடைசியாக நீதிமன்றத்துக்கு. எல்லாம் எழுத்தில், தேதியோடு. போனில் பேசியதற்கு ஆதாரம் இல்லை.

மார்க்கெட்பிளேஸில் வாங்கிய போன் திரும்பாது. திருட்டு என்று நிரூபணமானால், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் சொந்தக்காரருக்குத்தான் போகும். 3,500 ராண்டை விற்றவனிடம்தான் கேட்க வேண்டும், கிடைப்பது சந்தேகம். ஆனாலும் அவன் பெயரும் நம்பரும் அந்த ஒரு பக்க விளக்கத்தில் கட்டாயம் இருக்கட்டும்.